கருப்பம்மாவின் கட்டைவிரல்

லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டிருக்கும் லினக்ஸ் பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். கீழ் கோத்தகிரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சேவை மையம் வைத்திருக்கிறேன். ஆதார், சாதிச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம், லேமினேஷன் என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பேன். பக்கத்துக் கடைக்காரர்கள் லேப்டாப்பில் வைரஸ் வந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தால் என் முகத்தில் ஒரு நக்கல் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். "நம்முளுதுல அதெல்லாம் வராதுங்க" என்பேன்.

என் லேப்டாப் தனக்குள் ஒரு பதிவை எழுதிக்கொண்டே இருக்கும். எந்தக் கருவி எந்த நொடியில் செருகப்பட்டது, எப்போது தொடர்பு அறுந்தது, எல்லாம் அதில் இருக்கும். "மொதல்ல பதிவைப் பாருங்க, அப்புறம் கொறை சொல்லுங்க" என்று ஊருக்கே உபதேசம் செய்தவன் நான்தான். கருப்பம்மா விஷயத்தில் மட்டும் அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

கருப்பம்மா முதலில் வந்தது ஜூன் மாதக் கடைசியில். சாரலும் காற்றும் போட்டி போட்டுக்கொண்டு அடித்த நாள். குடையை வாசலில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அறுபதை ஒட்டிய வயது. சிறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். அப்பாவோடு இவர் வந்துவிட, கல்யாணமாகியிருந்த அக்கா ராமாயி இலங்கையிலேயே, அட்டன் பக்கத்தில், தங்கிவிட்டாராம். அங்கே அவர் கொழுந்து பறித்தார், இங்கே இவர் பறித்தார்.

"அக்காவுக்குக் காது கேக்காது தம்பி. பதினஞ்சு வருசமாச்சு. போன்ல என் மொகத்தப் பாத்துத்தான் சிரிக்கும். இப்ப சீனி வருத்தம், இங்க சக்கர நோவுன்னு சொல்றீங்களே, அதுல கண்ணும் போகுதாம். ஒரு கண்ணு போயிருச்சு, மத்தது ரெண்டு மாசம் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதுக்குள்ள போயி மொகத்தக் காட்டிறணும். பாஸ்போட் எடுத்துக் குடு தம்பி."

அவருடைய ஆதாரில் போன் நம்பர் இல்லை. நம்பரை இணைத்தால்தான் மற்ற வேலை நகரும். இணைக்க, விரல் ரேகைக் கருவியில் கட்டைவிரல் வைக்க வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி அது. ஒவ்வொரு ஆள் வந்ததும் ஒயரின் மறுமுனையை லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகுவேன்.

"வெரல வையுங்கம்மா" என்றேன்.

கருப்பம்மா உடனே வைக்கவில்லை. இரண்டு கையையும் முந்தானையில் நன்றாகத் துடைத்தார். கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தார். பிறகுதான் வைத்தார். திரையில் வந்தது: விரல் ரேகை கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும். மறுபடி முயன்றோம். மறுபடி துடைத்தார், ஒற்றினார், வைத்தார். கிடைக்கவில்லை. வலது கை, இடது கை, பத்து விரலும் ஆயிற்று.

அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தேன். கொழுந்துக் கறை வெடிப்புகளில் ஏறிக் கருத்துக் கிடந்தது. விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருந்தது. தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் வந்தால் மூன்று பேருக்கு இதே கதைதான். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"ரேகை தேஞ்சு போச்சுங்கம்மா. கொஞ்ச நாளைக்குக் கொழுந்து பறிக்காம இருங்க. ராத்திரி தேங்கா எண்ணெ தடவுங்க. பாத்திரம் வெளக்காதீங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க, ரேகை வந்துரும்" என்றேன்.

"கொழுந்து எடுக்காம இருக்க ஏலாதே தம்பி" என்றார். பிறகு அவரே, "சரி, அக்காவுக்காகத்தானே" என்றார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். கிடைக்கவில்லை. எலுமிச்சை தேயுங்கள் என்றேன். ஆகஸ்டில் மறுபடி வந்தார். அன்றைக்கும் கிடைக்கவில்லை. அந்த முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வரிசையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "நீங்க வேலைக்குப் போறத இன்னும் நிறுத்தலைங்களா?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அந்த வயதில், வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால், என்னிடம் சத்தியம் செய்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போய் வேறு மையத்தில் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மெஷினில் வராதது வேறு எங்கே வரப்போகிறது என்ற திமிர்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஜூடித் வந்தார். பாலர் பள்ளி டீச்சர், பஞ்சு போன்ற விரல். அவருடைய ரேகை எனக்கு முன்பு பலமுறை முதல் தொடுதலிலேயே விழுந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு கையில் குடை, தோளில் குழந்தை. குடையை மடக்கி, குழந்தையைக் கீழே விட்டு, விரலை வைப்பதற்குள் அரை நிமிஷம் ஆகிவிட்டது. விரல் ரேகை கிடைக்கவில்லை.

"என்ற வெரல்லயும் ரேகை அழிஞ்சு போச்சுங்களா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவியை வேறு துளையில் மாற்றிச் செருகினேன். வந்தது. விரலை எடுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். மறுபடி வைக்கச் சொன்னேன். போய்விட்டது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், அதே கூத்து. lsusb என்று அடித்தேன். லேப்டாப்பில் செருகியிருக்கும் கருவிகளையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் கட்டளை அது. மவுஸ் இருந்தது, பிரிண்டர் இருந்தது. விரல் ரேகைக் கருவி இல்லை. மேசை மேல் என் கண்ணெதிரே கிடக்கிறது, லேப்டாப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜூன் மாதக் காற்றில் மரம் விழுந்து விழுந்து கரன்ட் போய்க்கொண்டிருந்தது. பேட்டரி கூடுதலாக நிற்கட்டும் என்று மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஒரு புரோகிராமை நானே போட்டிருந்தேன். யூஎஸ்பியில் எது சில நொடி சும்மா இருந்தாலும் அது தூங்க வைத்துவிடும். மற்றவை தொட்டதும் எழுந்துகொள்ளும். இந்தக் கருவி மட்டும் தூங்கினால் எழாது, தொடர்பே அறுந்துவிடும். அறுந்த பிறகும் திரையில் வரும் வாசகம் என்னவோ ஒன்றுதான்: விரல் ரேகை கிடைக்கவில்லை. நான் செருகியவுடன் படக்கென்று விரலை வைக்கிறவர்களுக்கெல்லாம் வேலை முடிந்தது. நிதானமாகக் கையைத் துடைத்து, கண்ணில் ஒற்றி, சாமி கும்பிட்டு வைக்கிறவருக்கு முடியவில்லை.

ஜூடித் போன பிறகு பதிவைத் திறந்தேன். கருப்பம்மா வந்த மூன்று நாளும் தேதியோடு இருந்தது. மூன்று நாளும் கருவி தொடர்பு அறுந்திருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நான் பிடுங்கிச் செருகியிருக்கிறேன், அவர் துடைத்து ஒற்றி வைப்பதற்குள் அது மறுபடி தூங்கியிருக்கிறது. அவருடைய ரேகை ஒரு தடவைகூடக் கருவியின் கண்ணாடிக்கு உள்ளே போகவில்லை. தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க அங்கே ஆளே இல்லை.

இந்தக் கருவியை மட்டும் தூங்க வைக்காதே என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு நிமிஷ வேலை.

போன் போட்டேன். மறுநாள் காலையிலேயே கருப்பம்மா ஓடி வந்தார். வழக்கம்போலத் துடைத்தார், கண்ணில் ஒற்றினார், வைத்தார். முதல் தடவையிலேயே பச்சை விழுந்தது. அவருடைய முகம் பூரித்துப் போயிற்று. கையைத் தூக்கி என்னிடம் காட்டினார். கறை போய், வெடிப்பு மூடி, வெளுத்துப் போன கை.

"ரேகை வந்துருச்சா தம்பி?"

சொல்ல வேண்டிய இடம் அது. தப்பு உங்கள் கையில் இல்லை, என் மெஷினில் என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வந்துருச்சுங்கம்மா. பாத்தீங்களா, நான் சொன்னனுங்கள்ல?"

"நீ நல்லா இருப்ப சாமி" என்று என் தலையைத் தொட்டார். நான் குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ராத்திரி பகலாக விரட்டினேன். கோயம்புத்தூருக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அதெல்லாம் பிராயச்சித்தம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அக்டோபர் கடைசியில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினார். போவதற்கு இரண்டு வாரம் முன்பே அக்காவுக்கு மற்றக் கண்ணும் போய்விட்டது என்று அங்கிருந்து செய்தி வந்துவிட்டது. ஆனாலும் போனார்.

திரும்பி வந்த மறுநாள் கடைக்கு வந்தார். எனக்காக ஒரு சந்தன சோப்பு வாங்கி வந்திருந்தார். மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரம் கடையில் வேறு யாரும் இல்லை.

"அக்காவப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன் தம்பி. நான் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பன்னெண்டு வருசத்துக்கு முன்ன அக்கா ஒருக்கா இங்க வந்துச்சு. அப்ப ரெண்டு பேரும் கையோட கை வச்சுப் பாத்துச் சிரிச்சோம். ஒரே கை. அதே கறை, அதே வெடிப்பு. 'கடல் நடுவுல இருந்தா என்னடி, கை ஒண்ணுதானே'ன்னு சொல்லுச்சு. அதனால கண்ணு போனா என்ன, கையப் புடிச்சா தெரிஞ்சுக்கும்னு நெனச்சுத்தான் போனேன்."

மேசை மேலிருந்த சோப்பை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"கிட்டப் போயி கையக் குடுத்தேன். தடவித் தடவிப் பாத்துச்சு. 'யாரு, மிஸ்ஸியா?'ன்னு கேட்டுச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மாவ அங்க அப்படித்தான் சொல்றது. 'கை மெத்துனு இருக்கே, மிஸ்ஸி'ன்னுச்சு. அக்கா மகன் அது உள்ளங்கையில எழுதிக் காட்டுனான். அக்காவுக்கு எழுத்துத் தெரியாதே. என் மொகத்துல அது கைய எடுத்து வச்சேன். தடவிக் குடுத்துட்டு 'நல்ல புள்ள'ன்னுச்சு. பன்னெண்டு நாளு கூடவே இருந்தேன் தம்பி. கருப்பி வருவாளான்னு எங்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

அழவில்லை. கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"என்ன செய்ய. இந்தக் கை சரியில்லாததாலதானே லேட்டாப் போச்சு. ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. நீ எவ்வளவோ பாடுபட்ட."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க கையில ஒரு கோளாறும் இல்லைங்கம்மா" என்றேன். "மொதல் நாளே இல்லை. மெஷின்தான் தூங்கிப் போச்சுங்க. நான்தான் அப்படிப் பண்ணி வச்சிருந்தேன். தெரிஞ்ச பொறகும் உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேனுங்க."

கருப்பம்மா புரியாததுபோல் என்னைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பி அந்தப் பதிவைக்கூடக் காட்டினேன். எதற்காகக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"மொதல் நாளேவா?"

"ஆமாங்க."

"அப்ப நான் கொழுந்து எடுத்துக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்கிற குரல். "லேட்டாவே போயிருந்தாலும், அந்தக் கையோட போயிருந்தா அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்து, செருப்பை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். சோப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் பின்பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் மடியில் கொழுந்துப் பை இருந்தது, மற்றப் பெண்களைப்போல் கையில் உறை போட்டிருக்கவில்லை.