மூஞ்சி வேலை

நீ வரலைன்னாலும் பரவாயில்ல, என்றார் அவர்... எப்படி என்றார்? சட்டைப் பித்தானைப் போட்டபடியா, வண்டிச் சாவியைத் தேடியபடியா, குரலைத் தாழ்த்தியா, இல்லை, கதவைச் சாத்திக்கோ என்று தினமும் சொல்வாரே அந்த மாதிரி போகிறபோக்கிலா? தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை, அந்த நேரத்தில் அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், திரையில் அவள் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் ஒருத்தியிடம் உன் மூச்சுக்காற்று எட்டுகிற தூரத்தோடு என் உலகம் முடிந்துவிடுகிறது என்று உருகிக்கொண்டிருந்தான், நடுவில் விட்டால் அந்த உருக்கம் ஆறிப்போகும், அதனால் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம், கழுத்து என்ன சுளுக்கிக்கொண்டா போயிருக்கும்? கட்டின புருஷன் இரண்டு வருஷத்துக்கு வேறு ஊருக்குப் போகப்போகிறார், ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டுகிற வேலை, அங்கே தங்க வீடு கொடுக்கிறார்கள், குடும்பத்தோடு வருகிறீர்களா தனியாகவா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் அவள் முதுகுக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தையும் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வராதே என்கிறாரா? வா என்று கெஞ்சத் தெரியாமல் இப்படிச் சுற்றி வளைக்கிறாரா? காதலை எழுதிப் பேர் வாங்கியவளுக்குச் சொந்தப் புருஷன் சொன்ன ஒரு வாக்கியம் பிடிபடவில்லை, வெளியே சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவள் எழுதுகிற முறையே அப்படி, அதுதான் இப்போது காலை வாரிவிட்டது. முதலில் பேச்சு மட்டும், அவன் பேச இவள் பேச, நிறுத்தாமல் விறுவிறுவென்று, என்றான் என்று போட்டு நாலு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள், எப்படி என்றான், எதைப் பார்த்தபடி என்றான், கண் கலங்கியதா உதடு துடித்ததா என்பதெல்லாம் மத்தியானத்துக்கு மேல், டீ குடித்துவிட்டு, புள்ளிகளைத் தேடித் தேடி நிரப்புகிற வேலை. பதிப்பகத்தில் இவள் கதைகளைப் பார்க்கிற பெண் அதற்கு மூஞ்சி வேலை என்று பேர் வைத்திருக்கிறாள், அக்கா, பேச்சு வந்துடுச்சு, மூஞ்சி வேலை முடிஞ்சுதா என்பாள். முடிந்துவிடும், அதில் என்ன கஷ்டம், பத்துப் பன்னிரண்டு மூஞ்சிகள் கைவசம் இருக்கின்றன, ஜன்னலை வெறித்தபடி ஒன்று, தொண்டை அடைக்க ஒன்று, வலுவில் வரவழைத்த சிரிப்போடு ஒன்று, எந்தப் பேச்சுக்கும் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். பொருந்திவிடும் என்பதுதான் இன்றைக்குத் தொல்லையாக இருக்கிறது, நீ வரலைன்னாலும் பரவாயில்ல என்றார், தொண்டை அடைக்க... பொருந்துகிறது, பாவம் மனுஷன், இவள் எழுத்து கெடக்கூடாதே என்று தன் ஆசையை விழுங்கிக்கொண்டு போகிறார். நீ வரலைன்னாலும் பரவாயில்ல என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி... அதுவும் பொருந்துகிறதே, தொலைந்தது சனியன் என்கிற நிம்மதி அதில் இல்லையா? இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? எழுந்து போய் அவர் நின்ற இடத்தில், செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கூடப் பார்த்தாள், நீ வரலைன்னாலும் பரவாயில்ல, நீ வரலைன்னாலும்... தன் குரலில் அது சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சரி, மனுஷன் எப்படிப்பட்டவர் என்று பார்த்தால் தெரிந்துவிடாதா, இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு? இவளுடைய அப்பா தவறிப்போன அன்றைக்கு, இவள் பெட்டியில் துணியை அடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, நான் இருக்கேன்ல என்றாரே, கண் முழுக்கத் தண்ணீரோடு, அது போதாதா? போதும், அப்படிப்பட்டவர் தொலைந்தது என்று நினைப்பாரா... ஆனால் இவள் பெட்டிக்குள் அல்லவா குனிந்திருந்தாள், கண்ணில் தண்ணீரை எப்போது பார்த்தாள்? பார்க்கவில்லையே. அந்தப் பேச்சை அடுத்த நாவலில் ஒரு விமானிக்குக் கொடுத்தாள், அந்த விமானிக்குத்தான் மத்தியானம் டீ குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வைத்தாள், அது எப்போது அங்கிருந்து ஒழுகி இவர் கண்ணுக்கு வந்தது? நாத்தனார் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேட்டாளே, ஏன் அண்ணி, இது எங்கண்ணன் தானே, அவன் அழுது நான் பார்த்ததே இல்லையே, நீங்க எப்படி அழ வெச்சீங்க என்று, அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், இவளும்தான் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பேருந்தில், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கூடவே வந்தாரே, அது நடந்ததா? நடந்தது, பேருந்து நிஜம், மழைகூட நிஜம், ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல் நடுங்கியது, அது எந்தக் கதை? தூங்கிவிட்டதால்கூட இறங்காமல் இருந்திருக்கலாம், வண்டியில் ஏறினால் தூங்குகிறவர்தானே. கடவுளே, நான் யாரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், பேச்சு அவருடையது, மூஞ்சியெல்லாம் நான் ஒட்டியது... அவருடைய மூஞ்சி எங்கே போயிற்று?

நடுவில் பதிப்பகத்துப் பெண் போன் செய்தாள், அக்கா கடைசி அத்தியாயம் சாயங்காலத்துக்குள்ள வேணும், டாக்டர் கிளம்பும்போது அவ ஓடி வரணும்க்கா, போன தடவை ஓடி வராம விட்டுட்டீங்க, ரொம்பப் பேர் கோவிச்சுக்கிட்டாங்க. ஓடி வருவாள், வராமல் எங்கே போவாள், எழுதி முடித்தாயிற்று, நாலு புள்ளிதான் பாக்கி. ஆனா அவன் கூப்பிட்டானா இல்லையான்னு அவளுக்கு எப்படித் தெரியும் என்று இவள் கேட்டுவிட்டாள். எவன்க்கா? டாக்டர்தான். அதான் கண்ணால கூப்பிடுறானே அக்கா, நீங்கதானே எழுதுவீங்க, உங்களுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா? அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். கண்ணால் கூப்பிடுகிறான், ஆமாம், கண்ணால் கூப்பிட ஒரு கண் வேண்டும், அதைப் பார்க்க இன்னொரு ஆள் திரும்ப வேண்டும். டாக்டருக்கு இவள் இருக்கிறாள், இவள் புருஷனுக்கு யார் இருக்கிறார்கள் மூஞ்சி போட்டுக் கொடுக்க? சாயங்காலம்வரை இப்படியே உழன்றால் பைத்தியம் பிடித்துவிடும், கேட்டுவிட்டால் என்ன, நேராகக் கேட்டுவிட்டால் என்ன, அவள் கதைகளில் எந்தப் பெண்ணும் இப்படிக் கேட்டதில்லை, கேட்டால் கதை ரெண்டாவது அத்தியாயத்தோடு முடிந்துவிடும். போனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அவர் தள்ளி வந்து, சொல்லு என்றார்.

"காலையில ஒண்ணு சொன்னீங்களே, நான் வரலைன்னாலும் பரவாயில்லன்னு."

"ஆமா."

"அதை எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

"வெளையாடாதீங்க. நான் வரணும்னு நெனச்சுச் சொன்னீங்களா, வேண்டாம்னு நெனச்சுச் சொன்னீங்களா?"

"நீதான் சரின்னுட்டியே," என்றார்.

எப்போது? சரி என்றா சொன்னாள்? சொல்லியிருப்பாள், எழுதும்போது யார் எதைச் சொன்னாலும் சரிதான், கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் சரி, மகள் போன் பண்ணினாள் என்றாலும் சரி, ஆனால் எந்த மாதிரிச் சரி, சலிப்பாகவா, அவசரமாகவா, அவருக்கு அங்கே நின்று பார்க்க இவளுடைய பின்னந்தலையும் கொண்டையும்தானே இருந்திருக்கும், அவரும் காலையிலிருந்து வண்டியில் போகும்போது இதையேதான் உருட்டிக்கொண்டிருந்தாரா? வந்ததும் சொல்லிட்டேன், தனி ஆளுக்கு ஒரு ரூம் போதும்னு, என்றார் அவர், குரலில் ஒன்றும் இல்லை, இல்லை, இருந்தது, இந்த இயந்திரம் கொஞ்சம் வாயை மூடினால் தெரிந்திருக்கும். "நான் காதுல வாங்காமலே சரின்னுட்டேன்," என்றாள் இவள், "அது சரி இல்ல, அது வெறும் சரி." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வரேன் வரேன் என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார், பிறகு, "மாத்திக்கலாம், அதொண்ணும் பெரிய விஷயமில்ல. உனக்கு வரணும்னு இருக்கா?"

வாயைத் திறந்தாள். எத்தனை பெண்களுக்கு எத்தனை பதில் கொடுத்திருக்கிறாள், யோசிக்காமல் விரல் தட்டித் தள்ளிவிடுமே, இப்போது ஒன்றுகூட வரவில்லை. காலையிலிருந்து அவர் என்ன நினைத்தார், அவர் முகம் எப்படி இருந்தது, அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று வீட்டையே ரெண்டாக்கிவிட்டாள், தனக்குப் போக ஆசையா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாளா? இப்போது கேட்டுப் பார்த்தாள். ஆறு, பாலம், தெரியாத வீடு, அதில் தினமும் சாயங்காலம் அவர்... சந்தோஷமாக இருக்கிறதா? இந்த மேஜை, இந்த ஜன்னல், இரண்டு வருஷம் தனியாக... இதுவா சந்தோஷம்? எங்கே தொட்டுப் பார்ப்பது, எந்தப் பக்கமும் ஒன்றும் தட்டுப்படவில்லை, பயமாக இருந்தது. "என்ன, பதிலைக் காணோம்," என்றார் அவர். இயந்திரம் நின்றுவிட்டது, அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இருங்க," என்றாள், "வெச்சிடாதீங்க."