வேலம்மாள் மனு கொடுத்த வருஷம்

2006 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றாவது வார்டு பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்ததும், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் வேலம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். சுனாமி நிவாரணப் பட்டியலில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க ஆபீஸ் ஆபீசாக நடந்தவள் அவள்.

“நீ நில்லுக்கா. அதிகாரிங்க முன்னால வாய் தெறந்து பேசறவ நீ ஒருத்திதான்” என்றாள் பாப்பாத்தி.

வேலம்மாளின் புருஷன் காசிலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகுதான் பேசினான்.

“பசங்க ரெண்டு பேரையும் கரையேத்தியாச்சு. உக்காந்து சாப்புடற காலம். எதுக்கு இந்த வம்பு?”

“எனக்கு நாப்பத்தஞ்சுதான் ஆவுது.”

அவனுக்கு ஐம்பத்திரண்டு. முப்பத்தைந்து வயதில் அவனும் வெளியூர் போய்ச் சம்பாதிக்கத் துடித்தவன்தான். உப்பு வாங்க வந்த வியாபாரி ஒருவர் சென்னையில் தன் மண்டியைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார், பங்கும் தருவதாகச் சொன்னார். காசிலிங்கம் புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டான். வேலம்மாள் விடவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருக்கிறது போதும் என்று அழுதாள். அவன் தங்கிவிட்டான். இப்போது உப்பளத்தில் காவல் வேலை. மத்தியானம் தூக்கம், சாயங்காலம் கழுவெளி ஏரியில் மீன்.

மனு கொடுக்கக் கடைசி நாள் காலையில் வேலம்மாள் அடுப்படியை விட்டு எழவில்லை.

“போவலியா?” என்றான் காசிலிங்கம்.

“அன்னிக்கு உங்களப் போவ உடாம தடுத்தவ நான். இன்னிக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு போறது?”

அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

“மூணு வருஷம் உம்மேல கோவமாத்தான் இருந்தேன். சொன்னதில்ல. அப்பறம் பழகிடுச்சு. அப்பறம் இதுவே புடிச்சிடுச்சு. இப்ப அந்த மண்டிய முழுசா குடுத்தாலும் எனக்கு வேணாம்.” கிளாசை அவள் பக்கம் தள்ளினான். “அதுக்காவ நீயும் என்ன மாதிரியே இருக்கணுமா? பத்து மணி பஸ்ஸ உட்டுடாத. ஆனா நான் ஓட்டு கேக்க வரமாட்டேன். வெயில்ல அலைய முடியாது.”

சொன்னபடியே அவன் ஒரு நாளும் வரவில்லை. ஆனால் அவள் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வரும்போது சோறு ஆக்கி வைத்திருந்தான், பாதி நாள் குழைந்திருந்தது. எதிர்த்தரப்பு ஆட்கள் வந்து, அவளை வாபஸ் வாங்கச் சொல்லேன் என்றார்கள்.

“அவகிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான்.

பத்தொன்பது ஓட்டில் தோற்றாள். பாப்பாத்தி அழுதாள், வேலம்மாள் அழவில்லை. இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காசிலிங்கம் மீன் பிடிக்கப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தான்.

மூன்றாம் நாள் ஜெயித்த தையல்நாயகியே வந்து நின்றாள். இருபத்தாறு வயதுப் பெண்.

“அக்கா, பஞ்சாயத்துக் கூட்டத்துல என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியல. கூட வருவியா?”

வேலம்மாளுக்குச் சுருக்கென்றது. தன்னைத் தோற்கடித்தவளுக்குப் பின்னால் போவதா? அவிழ்ந்த தலைமுடியை முடிந்துகொண்டு எழுந்தாள்.

“வர்றேன். ஆனா அடுத்த வாட்டியும் உனக்கு எதிரா நிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“அடுத்த வாட்டி உனக்கு அம்பது வயசு” என்றான் மீன் ஆய்ந்துகொண்டிருந்த காசிலிங்கம்.

“ஆவட்டுமே” என்று வேலம்மாள் புடவை மாற்ற உள்ளே போனாள்.