தண்ணீர் போகிற வழி

நான்காம் நாள் காலை விடுதி ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே ஊரையே காணவில்லை. அப்படி ஒரு மழை. எதிர்க் கட்டடம்கூடச் சாம்பல் நிறத்தில் கரைந்துபோயிருந்தது. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று மகள் ஏற்பாடு செய்து அனுப்பிய வெளிநாட்டுப் பயணம் அது. ஐந்து நாள், நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் பதினாறு பேர், மஞ்சள் குடை பிடித்த ஒரு வழிகாட்டிப் பெண். அன்றைக்குத்தான் ஆற்றில் படகு, உச்சிக் கோபுரம், நானூறு அறை உள்ள அரண்மனை எல்லாம்.

"இன்னிக்குப் பார்த்தா வரணும் இந்த மழை? எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைத்துக்கொண்டேன்.

என் மனைவி காபிக் கோப்பையோடு கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இந்தத் தெருவைப் பாருங்க. ஒரு எடத்துலயாவது தண்ணி நிக்குதா?"

எட்டிப் பார்த்தேன். தெரு நனைந்து மினுங்கியது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் எங்கள் ஊர் நகராட்சியில் இன்ஜினியர், மழைநீர் வடிகால் பிரிவு. இருபத்துமூன்று வருஷ சர்வீஸ். நான் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு மேலாளர். மழை பெய்தால் எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவளுக்கோ முதல் தூறல் விழுந்ததுமே போன் அடிக்கும். குடையைக்கூட எடுக்காமல் ஓடுவாள். மழைக்காலம் முழுக்க அடுப்பும் மகளின் வீட்டுப்பாடமும் என் பொறுப்பு. முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வருகிறவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். அங்கே என்ன செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உறவுக்காரர்களிடம் "அரசாங்க இன்ஜினியர்" என்பேன். எந்தப் பிரிவு என்று யாராவது நோண்டினால் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு துணியை விரித்துப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அதன் பெருமையை அளக்கிற வாய் இது. அவள் வேலையைப் பற்றி மட்டும் அதற்குப் பேச்சு வராது.

ஆகக்கூடி, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில், மழை நாள் ஒன்றில் காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

படகு ரத்தாகிவிட்டது. வழிகாட்டிப் பெண் சதுக்கத்தில் நிறுத்தி, "அதோ பாருங்க, உச்சிக் கோபுரம்" என்று கையை நீட்டினாள். பதினாறு பேரும் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தோம். எங்கள் குழுவில் காமிரா மாமா என்று எல்லோரும் கூப்பிடுகிற, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் உண்டு. அவர் அந்த மேகத்தையும் விடாமல் நான்கு படம் எடுத்தார். கடைசியில் அந்தப் பெண்ணே கைவிரித்துவிட்டாள். "மூணு மணி வரைக்கும் எங்கயாவது ஒதுங்கிக்கோங்க. மூணுக்கு அரண்மனை வாசல்ல பார்க்கலாம்."

எல்லோரும் கடைகளுக்குள் புகுந்தார்கள். இவள் மட்டும் மழைக்கோட்டின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் குடையோடு பின்னால் போனேன்.

"ரோட்டோட முதுகு நடுவுல எப்படிப் புடைச்சிருக்கு பார்த்தீங்களா? ரெண்டு பக்கமும் தண்ணி ஓட வாட்டம். இந்தக் கல்லு ஒண்ணொண்ணையும் வாட்டம் பார்த்து வச்சிருக்கான். இந்த முக்குல ரெண்டு தெருத் தண்ணி வந்து சேருது, அதனால தண்ணி இறங்குற கம்பி மூடியும் ரெண்டு. அங்க ஒத்தைத் தெரு, ஒண்ணு போதும். எந்த மகராசன் உக்காந்து யோசிச்சானோ!"

கோயில் சிற்பத்தைப் பார்க்கிற மாதிரி அவள் நடைபாதையைப் பார்த்தாள். நானும் அவள் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தேன். கூரைத் தண்ணீர் குழாயில் இறங்குகிறது. குழாயிலிருந்து கல்லில் வெட்டிய சின்ன வாய்க்காலுக்கு. வாய்க்காலிலிருந்து கம்பி மூடிக்கு. ஒரு சொட்டுகூட வழி கேட்டு நிற்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கும் அதில் ஒரு சுவை தட்டியது.

இரண்டு தெரு தள்ளி ஒரு காபிக் கடை. தெருவிலிருந்து நான்கு படி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். சூடாக எதையாவது குடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கடைக்காரம்மா ஏதோ கத்தினாள். பார்த்தால் படிகளில் தண்ணீர் வழிந்து இறங்குகிறது. அவள் துடைப்பத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி எழுந்துவிட்டாள். "இந்த ஊர்ல இது நடக்கக் கூடாதே" என்றாள், ஏதோ அவளையே யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

மேலே போனோம். கடைக்கு முன்னால் தெரு குளமாகிக் கிடந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு கார் போகும்போதும் ஓர் அலை எழுந்து படிகளில் கொட்டியது. அவள் மேலும் கீழும் பார்த்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. சாரத்தைச் சுற்றி மூடியிருந்த பிளாஸ்டிக் தாளில் ஒரு பக்கம் கிழிந்து, மிச்சம் காற்றில் படபடத்தது.

"அந்தத் தாளுதாங்க. கிழிஞ்சது இங்க வந்து மூடிமேல உக்காந்திருக்கு. நீங்க தண்ணியில கால் வைக்காதீங்க. மூடி இருக்கா, திறந்திருக்கான்னு தெரியாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது."

அதை அவள் சொன்ன தோரணை எனக்குப் புதிது. வீட்டில், "தேங்கா வாங்கிட்டு வாங்க" என்கிற குரல் இல்லை அது. பத்துப் பேரை வேலை வாங்குகிற குரல்.

கடைக்காரம்மாவிடம் கையால் இழுத்துக் காட்டி, கொக்கி மாதிரி விரலை வளைத்துக் காட்டினாள். அந்தம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடுகிற கொக்கிக் கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதன்பின் என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அந்த நாற்காலியை எடுத்துட்டுப் போய் ரோட்டு நடுவுல போடுங்க. வண்டி எதுவும் இந்தப் பக்கம் வராமப் பார்த்துக்கோங்க."

"நானா? இந்த ஊர்லயா?"

"வேற யாரு இருக்கா?"

பட்டுப் பிரிவு மேலாளர், பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு ஊரில், காபிக் கடை நாற்காலியை நடுத்தெருவில் போட்டு, குடையை விரித்து ஆட்டிக்கொண்டு நின்றார். முதல் கார்க்காரன் ஹார்ன் அடித்தான். வாடிக்கையாளருக்கு வழிகாட்டுகிற புன்னகையோடு, அடுத்த தெருப் பக்கம் கையை நீட்டினேன். திரும்பிப் போய்விட்டான்! அடுத்தவனும் போனான். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அவள் நடைபாதை விளிம்பில் உறுதியாக நின்றுகொண்டு கம்பியால் தண்ணீருக்குள் தட்டிப் பார்த்தாள். டங்கென்று கல். மறுபடியும் கல். அப்புறம் சத்தமே இல்லாமல் மெத்தென்று ஏதோ. மண்டியிட்டாள். கொக்கியை மாட்டி இழுத்தாள், வரவில்லை. தண்ணீரின் கனம் அதைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. அவள் நேராக இழுக்காமல், ஓர் ஓரத்தை மட்டும் தேடி, மெல்ல மெல்ல உரித்தாள். ஓரம் கிளம்பியதும் கீழே "களக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த இழுப்பில் முழுத் தாளும் சுருண்டுகொண்டு வந்தது. குளத்தின் நடுவில் ஒரு சுழி விழுந்தது. கடகடவென்று தெருவே தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் குடையை ஆட்டவும் மறந்து நின்றேன். ஐந்து நிமிஷத்தில் கல்தரை வெளியே வந்துவிட்டது. கடைக்காரம்மா படியில் நின்று இரண்டு கையையும் தட்டினாள்.

இந்த மாதிரி எத்தனை தடவை, எத்தனை தெருவில், என் மனைவி மண்டியிட்டிருப்பாள்? நான் அப்போதெல்லாம் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, இன்னும் ஏன் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குள் ஆரஞ்சு விளக்குச் சுழல அந்த ஊர் நகராட்சி லாரி ஒன்று வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட, பருமனான, பெரிய மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொக்கிக் கம்பியோடு நின்றவளைப் பார்த்தார். சிடுசிடுவென்று ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் திட்டு எந்த மொழியிலும் திட்டுதானே. நியாயம்தான், வெளியாள் இதையெல்லாம் தொடக் கூடாது.

என் மனைவி பதறவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். எங்கள் ஊர்த் தெருவில், இடுப்பளவு தண்ணீரில், அதே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் நீளக் கம்பியோடு அவள். அந்தப் படத்தை நானே பார்த்ததில்லை.

மீசைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரிய அதிசயம். இவளுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவள் மொழி தெரியாது. கையால் சரிவு காட்டினார்கள், விரலால் அளவு காட்டினார்கள், வாயால் தண்ணீர் சத்தம் எழுப்பினார்கள். இருவரும் சேர்ந்து சாரத்துக்காரர்களைப் பார்த்து ஒரே மாதிரி தலையில் அடித்துக்கொண்டார்கள்.

லாரியைச் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டு, தெரு நடுவிலிருந்த ஒரு வட்ட மூடியை மீசைக்காரர் தூக்கினார். பெரிய விளக்கைக் கொண்டுவந்து உள்ளே அடித்து, வா என்று அவளைக் கூப்பிட்டார். அவள் ஈரத் தரையில் குப்புறப் படுக்காத குறையாக எட்டிப் பார்த்தாள். தலையை வெளியே எடுக்கவே இல்லை.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"முட்டைங்க" என்றாள். "முட்டை மாதிரி கட்டியிருக்கான். கூர் முனை கீழ. செங்கல்லுங்க, அத்தனையும் செங்கல்லு! தண்ணி கம்மியா வந்தாலும் அடியில ஒடுங்கி வேகமாப் போகும், மண்ணு தங்காது. காலேஜ் புஸ்தகத்துல படமாப் பார்த்தது. நேர்ல பார்ப்பேன்னு நினைக்கவே இல்ல."

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் செங்கல் வரிசை வரிசையாக வளைந்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை போயிற்று. ஒரு வரிசைகூடப் பிசகவில்லை. அடியில் மழைத் தண்ணீர் அவசரமாக ஓடியது. யார் கண்ணிலும் படாத இடத்துக்கு இத்தனை அழகு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. நல்ல நெசவின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வருமே ஒரு மரியாதை, அது வந்தது.

"நீ இதெல்லாம் என்கிட்ட ஏம்மா சொன்னதே இல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டதே இல்லையே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

மூன்று மணிக்கு நாங்கள் அரண்மனை வாசலில் இல்லை. கடைக்காரம்மா எங்களை விடவில்லை; துண்டு கொடுத்தாள், மறுபடியும் காபி கொடுத்தாள், மீசைக்காரரையும் கூட உட்காரவைத்தாள். ஐந்து மணிக்குப் பேருந்து நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் நானூறு அறையையும் பார்த்துவிட்டுக் கால் வலியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சார், மேடம் இப்படிச் சேத்துல குளிச்சிட்டு வந்திருக்காங்க? வழுக்கி விழுந்துட்டாங்களா?" என்றார் காமிரா மாமா.

"விழல சார். ஒரு தெருவைத் தூக்கி நிறுத்திட்டு வந்திருக்கா" என்றேன்.

அப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. பேருந்து கிளம்பியதும் எழுந்து நின்றே சொன்னேன். கொக்கிக் கம்பி, பிளாஸ்டிக் தாள், சுழி, மீசைக்காரர், முட்டை வடிவம். முப்பது வருஷம் துணி விற்ற வாய் அன்றைக்குத்தான் உருப்படியாக வேலை செய்தது. "இவ மழைநீர் வடிகால் இன்ஜினியர்" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க, போதும்" என்று காது சிவக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வழிகாட்டிப் பெண் மைக்கை நேராக அவளிடமே கொடுத்துவிட்டாள். "மேடம், நான் இந்த ஊர்ல ஆறு வருஷமா சுத்திக் காட்டுறேன். கீழே ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நீங்க சொல்லுங்க."

முதலில் தயங்கினாள். பிறகு ஜன்னல் வழியாக ஒரு முக்கைக் காட்டி ஆரம்பித்தாள். பதினைந்து பேரும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கீழே பார்த்தார்கள். காமிரா மாமா கம்பி மூடிகளைப் படம் எடுத்தார்.

"ஆமா மேடம், எல்லாம் சரி. நம்ம ஊர்ல மட்டும் ஏன் என் வீட்டு வாசல்ல தண்ணி நிக்குது?" என்று கேட்டார் அவர்.

"நாங்களும் வாட்டம் பார்த்துத்தான் சார் கட்டுறோம். உங்க வீட்டுக் கார் ஏறுறதுக்குச் சிமெண்டுல சரிவு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேனே. போன வருஷம்தான் போட்டேன். நல்லா அகலமா."

"அது எதுக்கு மேல சார் இருக்கு?"

"வாசல் வாய்க்கா மேல..." என்று இழுத்தார் மாமா. யோசித்தார். காமிராவை மடியில் வைத்துக்கொண்டார். பேருந்தே சிரித்தது.

"ஊருக்குப் போனதும் முதல் வேலையா இடிச்சிடறேன் மேடம்" என்றார்.

"இடிக்க வேணாம் சார், சரிவுக்கு அடியில ஒரு குழாய் வச்சாப் போதும். நானே வந்து அளவு எடுத்துத் தரேன்" என்றாள் என் மனைவி. பின் இருக்கையிலிருந்து இன்னும் இரண்டு பேர் கைதூக்கி, தங்கள் தெருவுக்கும் வரச் சொல்லிக் கேட்டார்கள்.