ஆல்டன் தெருவில் மணி ஐந்து இருபது

1975ஆம் வருடம் ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு ஆல்டன் தெருவின் மேலே நின்ற சூரியன், ஞாயிறு காலை எட்டு இருபது வரை அங்கிருந்து நகரவில்லை. கடிகாரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பக்கத்துத் தெருக்களில் வழக்கம்போல இருட்டி, வாணவேடிக்கை முடிந்து, பொழுதும் விடிந்தது. மிச்சிகனின் சாகினா நகரத்தில், பன்னிரண்டு வீடுகள் உள்ள எங்கள் ஒரு தெருவில் மட்டும் முப்பத்தொன்பது மணி நேரம் ஒரே சாயங்காலமாக இருந்தது.

அன்று பெர்னிஸ் கிரேட்டன் தெரு முழுவதையும், பன்னுக்குள் சாசேஜ் என்ற கறிக்குழலை வைத்துத் தின்னும் ஹாட் டாக் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அதற்கு முந்தைய ஆகஸ்டில் அவள் கணவன் ஓடெலின் இடது கால்மீது இரும்பு ஆலையில், உருக்கிய இரும்பை ஊற்றும் வார்ப்புப் பெட்டி ஒன்று விழுந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அவன் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகப் படுத்துக் கிடந்த பதினொரு மாதமும் அந்தக் குடும்பத்தைத் தெருதான் தாங்கியது. எதிர்வீட்டு ரெண்டெரியா அம்மாள் செவ்வாய்தோறும் ஒரு பெரிய சட்டி பீன்ஸ் கொண்டுவந்து வைத்தாள். மூலைவீட்டுப் பிட்மன் புல் வெட்டினார். யாரோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள், யாரோ கூரையில் ஓட்டை அடைத்தார்கள். இதற்கெல்லாம் வாயால் நன்றி சொல்லக் கிளம்பினால் அழுதுவிடுவோம் என்று பெர்னிஸுக்குத் தெரியும். அதனால் புல்வெளியில் நீளமான மேசை போட்டு, ஹாட் டாக்மேல் போட்டுக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பிடித்தது எதுவோ அதை ஒரு கிண்ணத்தில் வைப்பது என்று முடிவு செய்தாள். பதினொரு வீடு, பதினொரு கிண்ணம். கடுகு சாஸ், பொடியாக அரிந்த வெங்காயம், இனிப்பு வெள்ளரி ஊறுகாய், மிளகாய்த்தூள் போட்டு உதிரியாக வதக்கிய கொத்துக்கறி, ரெண்டெரியா வீட்டுக்கு வினிகரில் ஊறிய பச்சைமிளகாய், பெர்னிஸைப்போலவே தெற்கே அர்கன்ஸாவிலிருந்து வந்த பிட்மனுக்குப் பச்சைத் தக்காளி ஊறுகாய் என்று வரிசையாக வைத்தாள். கெட்டுப்போகக்கூடியவற்றைத் தகரத் தொட்டியில் ஐஸ் கொட்டி அதில் இறக்கினாள். பன்களை ஈரத்துணியில் சுற்றிக் கரி அடுப்பின் ஓரத்தில் சூடாக வைத்தாள்.

கடைசிக் கிண்ணத்தில் புளித்த முட்டைக்கோஸ். போலந்துக்காரக் கறிக்கடைப் பெண்களிடம் செய்முறை கேட்டு, உப்புப் போட்டுப் பிசைந்து, ஆறு வாரம் நிலவறையில் மூடி வைத்திருந்தாள். அது தெருக்கோடியில் தனியாக இருந்த போலந்துக்காரன் சிக்மண்ட் நோவிட்ஸ்கிக்கு. பெட்டி விழுந்தபோது கிரேனை ஓட்டியவன், ஆலையில் எல்லோரும் ஜிகி என்று கூப்பிட்டவன், அவன்தான். கிரேன் சங்கிலி பழசாகி அறுந்தது என்று ஆலையில் எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள். சிக்மண்ட் மட்டும், என் கைதான், என் கைதான் என்று சொல்லிக்கொண்டே வேலையை விட்டு நின்றான். அதன்பிறகு யாரோடும் பேசவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும், கிரேட்டன் வீட்டார் எழுந்திருக்கும்முன் அவர்கள் வாசல் பனி வெட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருநாள் திரைச்சீலை இடுக்கு வழியாக அவனது பச்சைத் தொப்பியைப் பெர்னிஸ் பார்த்தாள்.

நான்கு மணிக்கெல்லாம் பத்து வீட்டாரும் வந்துவிட்டார்கள். கடுகு சாஸ் முதலில் போடுவதா கடைசியிலா என்று வழக்கமான சண்டை நடந்தது.

"கறிக்கு மேல கடுக ஊத்துறவன என் வீட்டு வாசப்படி ஏத்த மாட்டேன்" என்றார் பிட்மன்.

"உங்க வீட்டுக்கு யாரு வர்றா, போங்க மிஸ்டர் பிட்மன்" என்றாள் ரெண்டெரியா அம்மாள்.

எல்லோரும் வயிறு முட்டத் தின்றார்கள். ஒரு கிண்ணம் மட்டும் தொடாமல் இருந்தது. பாத்திரங்களை எடுத்துவைக்க ஓடெலின் தங்கை எழுந்தபோது பெர்னிஸ் தடுத்தாள். "இன்னும் ஒருத்தர் சாப்பிடல. அவர் சாப்பிடுற வரைக்கும் இந்த மேசைய யாரும் தொடக்கூடாது." அப்போது மணி ஐந்து இருபது.

எட்டு மணிவாக்கில்தான் மேசையின் நிழல் புல்லில் ஒரே இடத்தில் கிடப்பதைப் பிட்மன் கவனித்தார். வாணவெடிச் சத்தம் கேட்டது, எங்கள் வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டெரியா அம்மாளின் கணவர் இரவு வேலைக்குப் புறப்பட்டுத் தெருமுனையைத் தாண்டி இருட்டுக்குள் நடந்துபோனார். காலையில் அதே இருட்டு வெளுத்த வழியாகத் திரும்பிவந்து, மாலை ஐந்து இருபதில் நுழைந்து, மேலும் இரண்டு ஹாட் டாக் சாப்பிட்டார். தெருவிளக்கு எரியவில்லை என்று யாரோ சொல்லி ஏணியோடு வந்த மின்சார ஊழியர், வெளிச்சம் இருக்கும்போது விளக்கு எரியாது என்று விளக்கிவிட்டுப் போனார். போதகர் வந்து வானத்தையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு வெங்காயம் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொன்னார். குழந்தைகள் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். தோட்டத்துத் தக்காளிகள் வேளைக்கு முன்பே பழுத்தன. பெர்னிஸ் நான்கு முறை ஐஸ் மாற்றினாள், இரண்டு முறை கொத்துக்கறி வதக்கினாள், ஒரு நிமிடம்கூடக் கண்மூடவில்லை.

ஞாயிறு காலை அவள் கையிலிருந்து ஒரு கிண்ணம் நழுவி விழுந்தது. ஓடெலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மூடிடு பேபி. அந்த ஆளு வரமாட்டான்."

"மாட்டேன். நாலு மாசம் என் வாசல்ல பனி அள்ளியிருக்கான். ஒருவாய் சாப்பாடு போடாம எப்படி மூடுவேன்?"

ஓடெல் கரி அடுப்பின் பக்கம் திரும்பினான். பிறகு எதுவும் போடாத ஒரு சாசேஜைப் பன்னில் வைத்துக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, இரண்டு ஊன்றுகட்டைகளையும் அக்குளில் இடுக்கி எழுந்தான். படுக்கையைவிட்டு எழுந்த நாளிலிருந்து அவன் வீட்டுப் புல்வெளியைத் தாண்டியதில்லை. கூட வராதீர்கள் என்றான். ஒன்பது வீடுகளைக் கடக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

கதவு திறந்தபோது சிக்மண்ட் சலவைச் சட்டை போட்டு, தலைசீவி, காலணிக் கயிறு கட்டித் தயாராக இருந்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படியே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு சொன்னான்.

"என் கைதான் ஓடெல்" என்றான்.

"தெரியும்யா. உன்ன என்னென்ன கேக்கணும்னு படுத்துக்கிட்டே வார்த்தையா சேத்து வச்சிருந்தேன். ராத்திரியெல்லாம் இல்லாத காலு வலிக்கும். விடியக்காலம் நீ பனி அள்ளுற சத்தம் கேக்கும். அது கேட்டப்புறந்தான் எனக்குத் தூக்கம் வரும். பனி முடியறதுக்குள்ள சேத்து வச்ச வார்த்தையெல்லாம் எங்கயோ போயிருச்சு." காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "இந்தா, வெறும் பன்னு. இதுக்குமேல போடவேண்டியது அங்க இருக்கு. வா."

சிக்மண்ட் வாங்கினான், நகரவில்லை.

"யோவ் ஜிகி, வந்தது வந்துட்டேன். திரும்பி நடக்க என்னால ஆகாது. தோள் குடுய்யா."

இருவரும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பெர்னிஸ் முப்பத்தொன்பது மணி நேரம் யோசித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். "கோஸ் முதல்லயா, கடுகு முதல்லயா?" என்று மட்டும் கேட்டாள். "கோஸ். அதுக்கு மேல கடுகு" என்றான் அவன். கடித்து, வெகுநேரம் மென்று, விழுங்கினான். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

"அப்போ அடுத்த வருஷம் நீயே வந்து பிசைஞ்சு குடு" என்றாள் பெர்னிஸ். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நிழல்கள் நீண்டு, சூரியன் பிட்மன் வீட்டுக் கூரைக்குப் பின்னால் இறங்கி, தேவாலயத்தின் ஞாயிறு காலை மணி அடிக்கையில் ஆல்டன் தெருவில் நன்றாக இருட்டிவிட்டது. எங்களுக்குச் சேரவேண்டிய இரவை நாங்கள் தூங்கித் தீர்த்தோம். அந்த வாரம் யாரும் ஆராதனைக்குப் போகவில்லை, போதகரும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஜூலை நான்கும் அப்படித்தான். தெருவில் ஒரு ஆள் சாப்பிடாமல் இருந்தால்கூடப் பொழுது இறங்குவதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்பதோடு இதையும் சொல்லிவிடுவோம். ஒரு வருடம் சூரியன் ஏழு நிமிடம் நின்றது, ஒரு வருடம் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. சுற்றியிருக்கும் முகங்களை ஒருதரம் பார்த்து, யார் இல்லை என்று கண்டுபிடித்து, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட இரண்டு பேர் கிளம்பிப் போகிறார்கள்.