கனகேஸ்வரி ரீச்சர் வைத்த கையெழுத்து

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த வாரத்தில், படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கனகேஸ்வரி ரீச்சர் சொன்னது. சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். அதனால்தான் எட்டு மாதமாக எழுத முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'சண்முகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாலே மோசடிக்காரன் என்று...'

(பொய். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் ரீச்சர் அந்த முகத்தை நம்பித்தான் கொடுத்தார்.)

நடந்தது இவ்வளவுதான். கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லி நாற்பத்தொரு பேரைச் சண்முகலிங்கம் ஏமாற்றினார். ஆறு வருட வழக்கு. அவருக்குச் சிறை; சொத்துக்களை விற்று ஏமாந்தவர்களுக்குப் பங்கிட உத்தரவு. எல்லோர் சார்பிலும் கையெழுத்திட ரீச்சரைத் தெரிவு செய்திருந்தார்கள்.

3

விற்பதற்காகச் சண்முகலிங்கத்தின் வீட்டுப் பொருட்களை லொறியில் ஏற்ற வந்த நாளில் அவர் மனைவி தனுஷியா குசினி வாசலில் நின்றாள். அவர் சிறைக்குப் போனபின் தோசைமா அரைத்து விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள்.

"ரீச்சர், கிரைண்டரை மட்டும் விடச் சொல்லுங்கோ."

"என்ர காசு மட்டும் போகேல்லைப் பிள்ளை. நாப்பத்தொரு பேர்."

"என்ர தாலிக்கொடியையும் அவர்தான் வித்தவர். என்ர பேர் அந்த லிஸ்ட்டில இல்லை."

(ரீச்சரின் கண்கள் கலங்கின என்று எழுதி அடித்தேன். கண்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. கால் வலித்தது என்றார்.)

ரீச்சர் சம்மதித்தால் கிரைண்டரை விற்கும் பொருட்களின் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்றார் நீதிமன்ற அலுவலர். சற்றுக் காத்திருந்துவிட்டுத் தாளை நீட்டி, கையெழுத்து வைக்கும்படி சிங்களத்தில் சொன்னார். "மெதன அத்சன் கரன்ன, மிஸ்."

அவர் காட்டிய இடத்தில் ரீச்சர் கையெழுத்து வைத்தார். கிரைண்டர் லொறியில் ஏறியது. பங்காக வந்த காசு ரீச்சருக்கு இரண்டு மாத மருந்துக்குப் போதவில்லை.

4

நிபந்தனை இதுதான்: "தம்பி, எழுதுறதெண்டா நான் அந்தக் கிரைண்டரை விட்டிட்டு வந்தனான் எண்டு எழுதுங்கோ. கதைதானே."

எழுதிப் பார்த்தேன். 'ரீச்சர் பேனையை மூடினார். கிரைண்டர் இங்கேயே'

வரவில்லை. போன கிழமை ரீச்சரிடம் போனேன்.

"தனுஷியா கிருலப்பனையில ஒரு அறையில இருக்கிறா. அவவும் வாசிப்பா, ரீச்சர்."

"ஓம். அவள்தான் வாசிக்கோணும்."

அதற்குப் பிறகு மூன்று முறை அந்த வாக்கியத்தை முடித்து அடித்துவிட்டேன். மூன்று முறையும், இப்படி நடக்கவில்லையே என்று தனுஷியா சொல்வது கேட்கிறது. அரைவாசியில் நிற்கும் அந்த வாக்கியத்தை ரீச்சருக்காக முடிப்பீர்களோ, தனுஷியாவுக்காக வெட்டுவீர்களோ, நீங்களே பாருங்கள். எனக்கு ஏலாது.