ஆகஸ்டு ஒண்ணு

"கம்ப்யூட்டரே எடுக்க மாட்டேங்குதுங்க" என்று பள்ளி அலுவலகத்து மெர்சி திரையைத் திருப்பிக் காட்டினாள். "எல்கேஜிக்கு ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள மூணு வயசு முடியோணும். பாப்பா ஆகஸ்டு ஒண்ணு. அடுத்த வருசம் வாங்க."

"ஒரே ஒரு நாளுங்க! அதுல என்னங்க குடிமுழுகிப் போகுது?" வேலுமணி மேசையைத் தட்டினான்.

கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெர்சி மேல் அல்ல, கட்டின புருஷன் மேல். அந்த ஒரு நாளை உண்டாக்கியவனே அவன்தான்.

நவ்யா வயிற்றில் இருந்தபோது ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலமே வலி கண்டுவிட்டது. உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கையெழுத்துப் போட வேண்டிய மகராசன் ஜோசியருக்குப் போனைப் போட்டான். மறுநாள் காலை ஆறரைக்கு மேல்தான் நேரம் சரியாக இருக்கிறதாம். டாக்டரம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார். அசைந்தானா? கோகிலவாணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தாள்.

பிரசவத்தோடு அவளுடைய வேலையும் போயிற்று. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கு முடிந்துவிடும். ஜூன் ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

வெளியே வந்ததும் வேலுமணி, "உடு அம்மணி. அடுத்த வருசம் சேத்திக்கலாம். நீ ஊட்ல இருந்து புள்ளையப் பாரு" என்றான், ஏதோ சினிமா டிக்கெட் கிடைக்காத மாதிரி.

"நம்ம வீதிப் பால்வாடில உடலாமுங்க. ரெண்டு வயசுல இருந்தே எடுத்துக்கறாங்க."

"என்ற புள்ள பால்வாடிக்கா? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"அன்னைக்கு என்ற வலியத் தள்ளி வெச்சீங்க. இன்னைக்கு என்ற பொழப்பத் தள்ளி வெக்கறீங்க. இனித் தள்ளி வெக்க என்றகிட்ட ஒண்ணும் இல்லீங்க."

இத்தனை ஆத்திரத்திலும் அவள் மரியாதையை விடவில்லை. அதனாலேயே அது செருப்படியாக விழுந்தது. நவ்யாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வேலுமணி வாட்சைப் பார்த்துப் பதறினான். வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று. "ராகுகாலம் அம்மணி! பன்னெண்டு தாண்டட்டும்!"

"நல்ல நேரம் பாத்துப் பெத்த லச்சணத்தத்தான் இப்பக் கண்டமுங்களே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பால்வாடியில் சின்னாத்தாள் டீச்சர் நோட்டை எடுத்தார். "பொறந்த தேதி, கண்ணு?"

"ஆகஸ்டு ஒண்ணுங்க."

டீச்சர் எழுதிக்கொண்டார். "மூணரை வரைக்கும் இருக்கலாம். மத்தியானம் முட்டை போடுவம். திங்குமா?"

"திங்குமுங்க."

நவ்யா அதற்குள் இறங்கி, வேறொரு குழந்தையின் பொம்மையைப் பிடுங்கப் போய்விட்டாள். கோகிலவாணி வாசலுக்கு வந்து போனை எடுத்தாள். எதிர்ச்சாரியில் வேலுமணி வண்டியை நிறுத்திவிட்டு முறைத்துக்கொண்டு நின்றான்.

அவன் காதில் விழும்படி, நட்டநடு ராகுகாலத்தில் அவள் சொன்னாள்: "ஒண்ணாம் தேதி வாரேனுங்க. வேற ஆளு போட்டுறாதீங்க."