ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு தகர டப்பாவிலிருந்து. சட்டைப் பொத்தான் போட்டு வைக்கலாமே என்று பழைய சாமான் கடையில் வாங்கினேன். உள்ளே கிராமபோன் ஊசிகளும் மடித்த சீட்டு ஒன்றும் இருந்தன. 'ஒரு ஊசியை ஒரு பக்கம் மட்டுமே ஓட்டவும். பிறகு எறிந்துவிடவும்.'

மூன்று நிமிஷப் பாட்டுக்கு ஓர் எஃகு ஊசியா? ஊசி விற்கிறவன் வேறென்ன எழுதுவான் என்று சிரித்தேன். விசாரித்துப் பார்த்தால் அத்தனையும் உண்மை. இசைத்தட்டின் அரக்கில் கல்தூளைக் கலந்திருக்கிறார்கள். அது ஊசி முனையைத் தேய்த்துத் தன் கோட்டுக்குப் பொருத்திக்கொள்கிறது. பக்கம் முடிவதற்குள் முனை உளியாகிவிடும். அதையே இன்னொரு தட்டில் வைத்தால் செதுக்கித் தள்ளும்.

இந்தச் சீட்டை எந்த ஜென்மத்திலும் நம்பாத ஆள் யாராக இருக்கும் என்று யோசித்தேன். தையல்காரிதான்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்..." (மழை எதற்கு? அவள் துணி காயப்போட்டிருக்கிறாள்.)

"ஊசி என்பது காலத்தின்..." (சீ.)

"அறுபத்தொரு வயதுத் தையல்காரி ஒருத்தி தன் அம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை." (இது இருக்கட்டும்.)

அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து மாதம், அண்ணனுக்கு ஏழு வயது. அதற்குச் சில வாரம் முன்புதான், பேசினால் தட்டில் பதித்துத் தரும் பொருட்காட்சிக் கூண்டொன்றுக்குள் அப்பா அம்மாவைத் தள்ளிவிட்டிருக்கிறார். அந்தத் தட்டு மெத்தென்ற பூச்சு பூசியது. நல்ல ஊசி வைத்தாலே ஓட்டத்துக்கு ஓட்டம் குரல் கொஞ்சம் உதிரும். இது தெரியாமல் அண்ணன், அவளுக்கு விவரம் தெரியும் முன்பே, சிறுவயதில் அதை ஓட்டி ஓட்டித் தீர்த்தார். தெரிந்த நாளிலிருந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது அவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். தட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இன்னும் ஒரே ஓட்டம் தாங்கும்.*

(* செல்போனில் பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்கிறீர்கள். செய்யலாம். அதற்கும் ஒரு தடவை ஓட வேண்டும், ஐயா.)

3

அந்த ஓட்டம் உனக்குத்தான், ஒரு வாரம் வேறு தட்டுகளில் பழகிக்கொள் என்று, கிராமபோனையும் ஒரு டப்பா மெல்லிய ஊசியையும் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்து டப்பாவைத் திறந்தார்.

"என்ன பாப்பா, டப்பா குறையவே இல்ல? பழகினியா இல்லையா?"

"பழகாம என்ன. ஓட்டினதையெல்லாம் சாணைக்கல்லுல நாலு தேய் தேய்ச்சு உள்ளயே போட்டுட்டேன். பாரு, புதுசு கணக்கா மின்னுது."

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எது பழசுன்னு தெரியுமா?"

"தெரியற மாதிரி இருந்தா நான் தேய்ச்சு என்ன பிரயோஜனம்?"

"ஒரு ஊசிக்கு ஒரு பக்கம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே பாப்பா."

"நாப்பது வருஷமா ஊசியோட குப்பை கொட்டறேன். ஒரு சட்டைக்கு ஒரு ஊசின்னு தூக்கிப் போட்டிருந்தா கடைய எப்பவோ மூடிருப்பேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள்ளோ, தன் கையாலேயே அம்மாவைச் சுரண்டிவிடப் போகிறோமோ என்று பயந்தாள்.

(வேறு டப்பா வரவழைக்கலாமே? அறுபது வருஷம் காத்திருந்தவளிடம் இன்னும் ஒரு மாதம் பொறு என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் மாட்டேன்.)

4

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். நீங்கள் படிப்பது இந்தக் கதையை நான் எழுதிய நாலாவது படி.

முதல் படியில் அவள் குருட்டாம்போக்கில் ஓர் ஊசியை எடுத்தாள். அது புதுசாக அமைந்தது. அம்மா பேசினாள்: "என்னத்தப் பேச? பாப்பா வேற அழுவுறா. சீக்கிரம் முடிங்க, இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்." பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. எழுதிக்கொண்டே மூக்கைச் சிந்தினேன். மறுநாள் படித்தால் ஒரே தித்திப்பு. கிழித்தேன்.

இரண்டாவது படியில் ஊசியை அண்ணனை எடுக்க வைத்தேன். "பாப்பா வேற அழுவுறா. சீக்கிரம்..." அவ்வளவுதான் கேட்டது. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் "பாப்பா வே..." என்று வந்தது. பிறகு சட்டியைச் சுரண்டுகிற சத்தம்.

சத்தியமாக நான் எதையும் வெட்டவில்லை. தட்டு தேய்ந்திருக்கிறது.

5

இந்தப் படியில் தையல்காரி என்னைக் கேட்கவில்லை. பட்டுத் துண்டு ஒன்றை மடியில் விரித்தாள். ஒவ்வோர் ஊசியாக எடுத்து முனையைச் சாய்த்து இழுத்தாள். உளியான முனையில் இழை சிக்கியது. சிக்கியதையெல்லாம் ஒதுக்கினாள். வழுக்கிக்கொண்டு போன ஒன்றை மறுபடி இழுத்துப் பார்த்து, ஊசி பிடிக்கும் ஒலிப்பெட்டியில் செருகித் திருகாணியை முடுக்கினாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எழுத்துக்காரரே, எங்கம்மாவ நீங்க மூணு தடவ கேட்டுட்டீங்க. இந்த அண்ணன் சின்ன வயசுல கேட்டே தேச்சாச்சு. நான் இன்னும் ஒரு தடவகூட கேக்கல."

"ஏன், முதல் படியில..."

"அதுல மூக்கச் சிந்தினது நீங்க. என்னத்தான் கிழிச்சுப் போட்டுட்டீங்களே."

பேனாவை மூடினேன்.

"கிளம்புங்க. அண்ணே, நீயும்தான்."

6

வாசலில் நானும் அண்ணனும் நிற்கிறோம். உங்களுக்கும் உள்ளே இடமில்லை, இப்படி வந்து நில்லுங்கள். கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டு நின்றது. மெல்லிய ஊசி, அடங்கின சத்தம். கிராமபோன் குழாயோடு காதை வைத்தவளுக்குத்தான் கேட்கும். அந்த ஊசி புதுசா, அவளுக்கு என்ன மிச்சம் கிடைத்தது என்று உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். ஊகத்தால் தட்டு தேயாது. நாலாம் பகுதியை மட்டும் திருப்பிப் படிக்காதீர்கள்.

"என்னய்யா, ஏதாவது கேக்குதா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

வெகுநேரம் கழித்து, உள்ளே ஏதோ ஒன்று குப்பைத் தகரத்தில் 'டிங்' என்று விழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவள் தூக்கிப் போட்ட முதல் ஊசி அது.